சாமிக்கு ஒரு காம்பு, கன்றுக்கு மூன்று

செல்லத்தாய் கீழக்குயில்குடிக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் தொழுவத்தில் இரண்டு பசுக்கள் ஈன்றன. இரண்டு கன்றுகளும் தங்கவில்லை. முதலில் செவலையின் காளைக் கன்று, அடுத்தது காரியின் கிடேரி. பிறந்தபோது இரண்டுமே தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்று, பார்த்தவர்களைச் சிரிக்க வைத்தவைதான். நாலைந்து நாளில் வெள்ளை வெள்ளையாகக் கழிந்து, கண் குழிக்குள் போய், கழுத்தைத் தரையில் நீட்டிவிட்டன.

அதற்கு முன்னால் அந்தத் தொழுவத்தில் அப்படி நடந்ததில்லை. அதுதான் சிக்கல்.

"கன்னு நல்லாத்தேன் பொறக்குது. வீட்டுக்குள்ள புதுசா மிதிச்ச காலு எதுன்னு மட்டும் யோசிச்சுப் பாருங்கக்கா" என்று சோலையம்மாள் சொன்னாள். அவள் செல்லத்தாயின் மாமியார் முத்துத்தாய்க்கு ஓரகத்தி. பக்கத்து வீடு. நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவள் பேசுவது தெரு முனை வரைக்கும் கேட்கும்.

இப்போது மயிலைப் பசு நிறைசினை. மடி இறங்கிவிட்டது.

முத்துத்தாய் கெட்டவள் அல்ல. செல்லத்தாய் அவளுக்கு வெறும் மருமகளும் அல்ல, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் உடன்பிறந்த அண்ணன் விருமாண்டியின் மகள். ஆனாலும் இரண்டு கன்று போன வீட்டில் மூன்றாவதும் போனால் என்ன செய்வது என்ற பயம் அவளைத் தின்றது. செல்லத்தாய் ஆட்டுக்கல்லில் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏந்தாயி, அண்ணனைப் பாத்து நாளாச்சுல்ல? மயிலை கன்னு போட்டு, கன்னு தேறுற வரைக்கும் சோழவந்தான்ல போயி இருந்துட்டு வாயேன். மொக்கையன் வண்டி கட்டுவான்."

செல்லத்தாய் குழவியை நிறுத்தவில்லை.

"கன்னு பொழைச்சா, செல்லத்தா இல்லாததால பொழைச்சிருச்சும்பாக. செத்துப்போனா, ஊரு தாண்டிப் போயும் அவ தோசம் விடலைம்பாக. எப்படிப் பாத்தாலும் நாந்தேன் மாட்டிக்கிடுறேன். நான் போகல அத்தை. கன்னு பொழைக்கும். நானும் இங்கனயே இருப்பேன்."

"எப்படிடி பொழைக்கும்?"

"அது இன்னும் தெரியல. ஆனா பொழைக்கும்."

இப்படிச் சொல்லிவிட்டு ஆட்டிய பருத்திப்பாலை வழித்துக்கொண்டு எழுந்து போகிறவளை என்ன செய்ய முடியும்? முத்துத்தாய்க்குக் கோபம் வந்தது. கூடவே, தன் அண்ணனும் சின்ன வயதில் இப்படித்தான் பேசுவான் என்ற நினைப்பும் வந்தது.

அன்று பிற்பகல் செல்லத்தாயின் புருஷன் சிவனாண்டி சைக்கிளில் வந்து சேர்ந்தான். செக்கானூரணிப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருந்தது. வாயும் குடலும் வெந்து, நின்ற மாடு நின்றபடியே விழுகிற நோய் அது. சர்க்கார் மாட்டு டாக்டரான அவனுக்கு ஊர் ஊராக ஊசி போடும் வேலை. வீட்டுக்கு வந்தால் நேரே உள்ளே வரமாட்டான். நோய் கண்ட தொழுவத்தில் நின்ற துணியோடு தன் வீட்டுத் தொழுவத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். கிணற்றடியில் துணியை வெந்நீரில் போட்டு, தலையோடு குளித்த பிறகுதான் வாசற்படி.

செல்லத்தாய் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள்.

"மாட்டு டாக்டரு பொண்டாட்டி மிதிச்ச தொழுவுல கன்னு தங்கலைன்னு ஊரே சிரிக்குது மச்சான். நீங்க என்னடான்னா ஊரான் மாட்டையெல்லாம் பொழைக்க வைக்கிறீக."

"சோலை சித்தி ஒருத்தி சொன்னா ஊரா?"

"அவுக ஒருத்தர் போதாதா? தனியா ஊரு வேற வேணுமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காதபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பினான். ஆத்தா அவளைச் சோழவந்தானுக்கு அனுப்பப் பார்த்ததை அவள் சொன்னாள்.

"நான் அந்தக் கன்னுகளுக்கு மருந்து குடுத்துத்தான் பாத்தேன். கழிச்சல் கண்ட பெறகு கூப்பிட்டு விட்டாக. வந்து சேரும்போது உசுரு போற நேரம்" என்றான் சிவனாண்டி.

"உங்க ஊசியில அப்படி என்னதான் இருக்கு? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"வெக்கை வந்து பொழைச்ச மாட்டுக்கு ஆயுசுக்கும் மறுபடி அது வராது. அந்த மாட்டு ரத்தத்துலதான் நோயை அடிக்கிற சத்து இருக்கு. ரத்தத்தைத் தெளிய வச்சா மேல மஞ்சளா ஒரு தண்ணி நிக்கும். சீரம்னு பேரு. அதை ஊசியில ஏத்தி அடுத்த மாட்டுக்குப் போட்டா, கொஞ்ச நாளைக்கு அதுவும் தாங்கும். சொந்தமா எதிர்த்து நிக்கிற சத்து இல்ல, கடன் வாங்குன சத்து. ஆனா உசுரைக் காப்பாத்தும்."

செல்லத்தாய் கயிற்றைப் பிடித்தபடியே யோசித்தாள். அவள் கொடிக்காலில் வளர்ந்தவள். வெற்றிலைக் கொடியில் வாடல் நோய் வந்தால் ஒரு பாத்தியே கறுத்துச் சரியும். அதன் நடுவில் ஒரு கொடி மட்டும் பச்சையாக நிற்கும். அப்பா அந்தக் கொடியில்தான் அடுத்த நடவுக்கு விதைக்கொடி கிள்ளுவார். கிள்ளிய இடத்தில் கொடி தானாகவே ஒரு கறுப்புப் பொருக்கு கட்டி வாயை மூடிக்கொள்ளும். நல்ல கொடி சீக்கிரம் மூடும், நோஞ்சான் கொடி அழுகும்.

"கொடிக்கு எதிர்த்து நிக்கிற குணம் அதும் உடம்புலயே இருக்கு. கிள்ளி நட்டா அந்தக் குணமும் சேர்ந்தே வந்துரும். கன்னு அப்படியா? தாய் வயித்துக்குள்ள இருக்கும்போது தாய் ரத்தம் அதுக்குள்ள போகும்ல?"

"மனுசப் பிள்ளைக்குக் கொஞ்சம் போகும். மாட்டுக்குப் போகாது. கர்ப்பப்பைக்கும் கன்னுக்கும் நடுவுல அடுக்கு அடுக்கா சவ்வு இருக்கு, கனமா. கன்னு வெறுங்கையோடதான் பொறக்குது."

"அப்போ வெக்கை கண்டு பொழைச்ச பசுவோட கன்னுக்கு ஊசி வேணுமா?"

"வேண்டாம். சின்னதா இருக்கிற வரைக்கும் அதுகளுக்கு வராது. நாங்களே பாத்திருக்கோம்."

"வெறுங்கையோட பொறந்துச்சுன்னீக. பெறகு யாரு அதுக்கு ஊசி போட்டா?"

 சிவனாண்டிக்குச் சென்னையில் படித்தபோது வகுப்பில் கேட்டதும், பரீட்சைக்கு எழுதியதும், எழுதிய கையோடு மறந்ததும் ஒன்றாக மேலே வந்தன.

"சீம்பால்" என்றான். "மொதப் பால். அதுலதான் தாயோட சத்து அம்புட்டும் இறங்குது. பொறந்த அன்னைக்குக் குடிச்சாத்தான் அது குடல் வழியா ரத்தத்துல சேரும். மறுநாளு குடிச்சா வெறும் பாலுதான். வெக்கைக்கு மட்டுமில்ல, கழிச்சலுக்கும் அதுதான் காவல்."

"அந்தச் சீம்பால் நம்ம வீட்டுல எங்க போச்சு மச்சான்?"



அந்த வீட்டு வழக்கம் இது. கன்றைத் தொடர்ந்து இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடி விழும் வரைக்கும் கன்று மடியில் வாய் வைக்கக் கூடாது. முதலில் மலையடிவாரத்துக் கருப்புசாமிக்கு ஒரு சிறு செம்பு சீம்பால் கறந்து வைக்க வேண்டும். சாமிக்கு முன்னால் கன்று குடித்தால் அது எச்சில். முன்பெல்லாம் அந்தச் சிறு செம்போடு கறவை நின்றுவிடும். கொஞ்சம் தாமதமானாலும் மிச்ச மடி கன்றுக்குத்தான்.

சிவனாண்டியின் கல்யாணத்துக்குப் பிறகுதான் அது மாறியது. முத்துத்தாயின் கணவர் பேயாண்டி இறந்த அன்று வைகையில் வெள்ளம். சோழவந்தானிலிருந்து கோடித்துணி கொண்டுவர வேண்டிய அண்ணன் ஆற்றைத் தாண்ட முடியாமல், எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றார். அன்று அறுந்த பேச்சு, பிள்ளைகளின் கல்யாணத்தில்தான் ஒட்டியது. அத்தனை வருஷம் அடக்கி வைத்த பாசத்தை முத்துத்தாய் எதில் காட்டுவாள்? பசு ஈன்றதும் மடி வற்ற ஒரு பானை கறந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு அவித்து, சூடு ஆறுவதற்குள் வண்டி கட்டி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். கன்றுக்கு அன்று முழுக்க வேறு பசுவின் பால்தான், மூங்கில் குழாயில்.

"சின்னத்தை சொன்னது நெசந்தான் மச்சான். நான் வந்த பெறகுதான் கன்னு சாகுது. நான் வந்ததாலதான் எங்க அப்பா வீட்டுக்குப் பானை போகுது."

"அவிச்சதுல நானும் தின்னேன்" என்றான் சிவனாண்டி மெதுவாக.

"எம்புட்டு?"

"ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன். கட்டியா இருந்துச்சு, ஏலக்காய் வேற..."

இப்போது அவள் சிரித்துவிட்டாள். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவன் தலையில் ஈரத் துண்டோடு குற்றவாளி மாதிரி நின்றான்.

"சரி, ஆத்தாகிட்ட நான் சொல்லிப்புடுறேன். இப்பவே" என்று கிளம்பினான்.

"வேண்டாம். நீங்க சொன்னா டாக்டரு சொன்னதா ஆகும், அத்தை கேட்டுக்கிடுவாக. எம்மேல விழுந்த பேச்சு அப்படியே கெடக்கும். அதோட, உன் பானைதான் கன்னைக் கொன்னுச்சுன்னு எந்த வாயால அவுககிட்ட சொல்லுறது? பத்து வருசம் கழிச்சு அண்ணனுக்கு ஆசையா அனுப்புனது. நான் பாத்துக்கிடுறேன்."

"எப்படி?"

"அதுவும் இன்னும் தெரியல" என்றாள் செல்லத்தாய். ஆனால் அந்தக் குரலில் தெரியாதவளின் தடுமாற்றம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவன் மறுபடி செக்கானூரணிக்குப் போய்விட்டான். வெயில் ஏறும் நேரத்தில் மயிலை படுத்தது, எழுந்தது, வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றியது. பண்ணையாள் மொக்கையன் ஓடிவந்து கன்றை வாங்கினான். கிடேரி. தாயைப் போலவே சாம்பல் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. மயிலை அதை நக்கி நக்கிக் காயவைத்தது.

முத்துத்தாய் கையில் சிறு செம்பும் பானையுமாக வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சோலையம்மாளின் முழங்கை வந்து அமர்ந்தது.

"மொக்கையா, கன்னைத் தூக்கி அந்த மூலையில கட்டு. பெறகு வண்டியைப் பூட்டு" என்றாள் முத்துத்தாய்.

"தூக்காதீக மொக்கையண்ணே" என்று செல்லத்தாய் பசுவுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். "அங்கனயே கெடக்கட்டும். கன்னு இப்பவே குடிக்கணும்."

"என்ன தாயி இது? இன்னும் கொடி விழல. சாமிக்கு எடுக்கல. அதுக்குள்ள வாயை வச்சா எச்சிப்பாலுல்ல ஆயிரும்?"

"தாயோட மொதப் பாலுதான் அத்தை கன்னுக்குக் காவல். இன்னைக்குக் குடிக்காட்டி அதுக்கு நாளைக்கு ஒரு காவலும் இல்ல. சாமி பங்கை யாரு வேண்டாம்னா? மடியில நாலு காம்பு இருக்கு. முன்னங்காம்பு ஒண்ணு சாமிக்கு. அதைக் கன்னு தொடாது, நீங்க கறங்க. மத்த மூணும் கன்னுக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கட்டும். யாருக்கும் யாரும் முந்துனதா இருக்காது, எச்சிலும் இல்ல."

"நல்லாருக்கே நாயம்! கருப்பசாமியும் கன்னுக்குட்டியும் ஒரே பந்தியிலயா?" என்றாள் சோலையம்மாள்.

"பந்தி ஒண்ணுதான் சின்னத்தை. எலை வேற வேற."

மொக்கையன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு வைக்கோலை ஒதுக்கினான்.

முத்துத்தாய் பானையைப் பார்த்தாள். "மூணு காம்பையும் கன்னுக்கு விட்டுட்டா சோழவந்தானுக்கு என்னத்தை அனுப்புறது? அண்ணன் வீட்டுல எதிர்பாத்திருப்பாகளே."

இந்தக் கேள்விக்குத்தான் செல்லத்தாய் ராத்திரி தூக்கம் வராமல் பதில் தேடினாள். பானைதான் காரணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவருக்கு மேலிருக்கும் வாய் அப்போதே தன்னை விட்டுவிட்டு அத்தையின் மேல் திரும்பிவிடும். அவள் அதைச் சொல்லவில்லை.

"நான் அந்த வீட்டுப் பொண்ணுதானே அத்தை? எங்க அப்பா வீட்டுப் பங்கை நான் இந்தக் கன்னுக்கு விட்டுக்குடுக்கிறேன். பொறந்த வீட்டுப் பங்குல பொண்ணுக்குப் பாத்தியதை உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

முத்துத்தாய் என்ன சொல்வாள்? அவளும் அந்த வீட்டுப் பெண்தான். பிறந்த வீட்டுக் கோடித்துணியில் தனக்கு உரிமை உண்டு என்பதற்காகவே அண்ணனோடு பத்து வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தவள். இல்லை என்று அவள் வாய் எப்படிச் சொல்லும்?

"கன்னு செத்துப்போச்சுன்னா?" என்றது சுவர்.

"செத்துப்போச்சுன்னா யாரும் சொல்ல வேண்டாம் சின்னத்தை. நானே வண்டியில ஏறிடுறேன், திரும்பி வரமாட்டேன்."

மயிலை கன்றைப் பார்த்து அடித்தொண்டையில் முனகியது. முத்துத்தாய் பானையைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, சிறு செம்பை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தாள்.

"வலது முன்னங்காம்பு சாமிக்கு" என்று மலை இருந்த திசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "பாத்துக்க அப்பனே. பெறகு கேக்காத."

மொக்கையன் கன்றைத் தாங்கிப் பிடிக்க, செல்லத்தாய் பின்னங்காம்பை அதன் வாயில் வைத்தாள். கன்று முதலில் அவள் விரலைச் சப்பியது. பிறகு காம்பைப் பிடித்தது. பிடித்தபின் விடவில்லை. கடைவாயில் மஞ்சள் மஞ்சளாக, தேன் போலக் கெட்டியாகப் பால் வழிந்தது. அந்தப் பக்கம் செம்பில் சர் சர் என்று அதே மஞ்சள்.

"இம்புட்டுக் குட்டி வயித்துல எங்க போகுது ஆத்தா அம்புட்டும்?" என்றான் மொக்கையன்.

கன்று முட்டி முட்டிக் குடித்ததிலோ என்னவோ, மயிலைக்கு இளங்கொடி அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே விழுந்தது. மொக்கையன் அதை வைக்கோலில் பொதிந்து, ஆலமரத்தில் கட்டுவதற்காக எடுத்துக்கொண்டு போனான். முத்துத்தாய் அதைப் பார்த்தாள், கன்றைப் பார்த்தாள், கருப்புசாமிக்குச் செம்பைக் கொண்டுபோனாள்.

மூன்றாம் நாள் கன்று வெயிலில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. சோலையம்மாள் சுவரிலிருந்தே "ஐயையோ, இதுவும் நீட்டிருச்சேக்கா!" என்று கத்தினாள். முத்துத்தாய் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். செல்லத்தாய் அருகே போய் வாலைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. தூக்கம் கலைந்த கன்று துள்ளி எழுந்து, முத்துத்தாயின் முழங்காலில் ஒரு முட்டு முட்டி, அவள் கையிலிருந்த கரண்டியை நக்கப் பார்த்தது.

முத்துத்தாய் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"செவலை கன்னுக்கு ஒரு வாய் நான் விடலையே தாயி. காரி கன்னுக்கும் விடல" என்றாள்.

செல்லத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் இல்லை. "தெரியாமத்தானே அத்தை. எங்க அப்பா மேல உள்ள பிரியத்துல அனுப்புனீக."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மயிலை கன்னு போடுறதுக்கு மொத நாளு தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சும் அவ முன்னாடி என்னைச் சொல்லல" என்றாள் முத்துத்தாய். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து எழுந்து, நேரே சுவருக்குப் போனாள். அவள் குரலும் தெரு முனை வரைக்கும் போகக்கூடியதுதான்.

"ஏ சோலை! நல்லாக் கேட்டுக்க. ரெண்டு கன்னும் போனது எம்மருமக வந்த நேரத்தால இல்ல. அதுக குடிக்க வேண்டிய பாலை நான் கறந்து ஊருக்கு அனுப்புனேன். தப்பு எந்தப்பு. இனிமே அவளைப் பத்திப் பேசணும்னா எங்கிட்டப் பேசு."

சோலையம்மாள் முழங்கையை எடுத்துக்கொண்டாள். அந்தச் சுவரை அவ்வளவு வெறுமையாக யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சிவனாண்டி வந்து குளித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனபோது, கன்று அவன் வேட்டி நுனியைக் கடித்து இழுத்தது. அவன் அதன் கண்ணிமையை விரித்துப் பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்தான்.

"டாக்டரு என்ன சொல்லுறாக?" என்றாள் செல்லத்தாய்.

"எனக்கு இங்க வேலை இல்லைங்கிறாக" என்றான் அவன்.

மறுநாள் காலையில் முத்துத்தாய் மொக்கையனை வண்டி பூட்டச் சொன்னாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். செல்லத்தாய் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"யாரு போறது அத்தை?"

"நாந்தேன். சீம்பால் போகாட்டி என்ன, நானே போறேன். அண்ணன் வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வாரேன். பேச வேண்டியது எம்புட்டோ கெடக்கு." வண்டியில் ஏறிக்கொண்டே இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து மருமகளின் கையில் போட்டாள். "காரி திருப்பியும் சினைக்கு வரும் போல இருக்கு, பாத்துக்க. உலைமூடியைச் சரியா மூடு. எம்மகனுக்கு இனிப்பு நெறையாக் குடுக்காத, கேட்டுக் கேட்டுத் திங்கிறான்."

வண்டி தெரு திரும்பும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டேதான் போனாள். செல்லத்தாய் கையில் சாவிக்கொத்தோடு வாசலில் நின்று சிரித்தாள்.

அப்போது பக்கத்து வீட்டுத் தொழுவத்திலிருந்து சோலையம்மாளின் குரல் வந்தது. பதறிப்போன குரல்.

"ஏ செல்லத்தா! எங்க பசு படுக்குது எந்திரிக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கொஞ்சம் சுருக்கா வா தாயி!"

"வாரேன் சின்னத்தை. நான் வர்ற வரைக்கும் கன்னைத் தாய்கிட்டயிருந்து யாரும் தூக்கிராதீக" என்றாள் செல்லத்தாய். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, அந்தச் சுவரை ஒரே எட்டில் தாண்டினாள்.